மணி ஆறு, எஞ்சின் கிளம்பவில்லை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

நேற்றுக் காலை படகுத்துறையில் நான் ஒரு மனிதரிடம் மன்னிப்புக் கேட்டபோது அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், உன் அப்பா, உன் அவசர மாமா (நீ வைத்த பேர்தான் இன்னும் நிலைத்திருக்கிறது), மெக்கானிக், படகை விற்கிற சாமான்காரர். ஆறாவதாகக் கடவுளைத் தவிர யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதுவது எதற்கென்றால், ஊரே கூடி வேடிக்கை பார்த்தது என்று மாமா உன்னிடம் அளந்துவிடுவான், நம்பாதே. மற்றபடி நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் இருமல் விட்டுவிட்டது, உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

போன வாரம் போனில் நான் சொன்னதைக் கேட்டு நீ, மீட்டரைத் திருப்பி வச்சு ஏமாத்துறவர்கிட்ட எதுக்கும்மா படகு வாங்கணும், விட்டுடுங்க என்று சொன்னாய். நீ சொன்னதில் தப்பில்லை. நான் சொன்னதில்தான் தப்பு. இதைப் போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவார், எனக்கும் நடுவில் அழுகை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அந்த மனிதர் எதிர்த்தீவில் இருக்கிற கடைகளுக்குத் தண்ணீர் கேனும் காய்கறி மூட்டையும் ஏற்றிப் போகிறவர், அதனால்தான் சாமான்காரர் என்று பேர். முட்டி தேய்ந்துவிட்டது, இனி படகிலிருந்து துறைக்குத் தாவ முடியாது, அதனால் விற்கிறார். முதல் ஞாயிறு நாங்கள் போனதும், நீ சொல்லிக்கொடுத்தபடி அப்பா முதல் கேள்வியாக, எத்தனை மணிங்க என்று கேட்டார். அவர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்து, எட்டே கால் என்றார். மாமா சிரித்த சிரிப்பில் துறையில் உட்கார்ந்திருந்த பறவையெல்லாம் எழுந்து பறந்தது. எஞ்சின் ஓடின மணி கேட்கிறோம் என்று புரிந்ததும் அவரும் சிரித்துவிட்டு மீட்டரைக் காட்டினார். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலு. நான் குறித்துக்கொண்டேன்.

மெக்கானிக் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். சில பேர் ஆள் வருவதற்கு முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்களாம், சூடான எஞ்சின் எந்தக் குறையையும் மறைத்துக்கொண்டு சமத்தாகக் கிளம்பிவிடுமாம். இது சில்லென்று இருந்தது. ஆயில் குச்சியை உருவி வெள்ளைக் காகிதத்தில் ஒற்றிப் பார்த்தார், பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தமாம், இது கறுப்பாகத்தான் இருந்தது. சாவியைத் திருப்பினதும் ஒரே இருமலில் பிடித்துக்கொண்டது. புகை முதலில் கொஞ்சம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டது. நீலமாக வந்துகொண்டே இருந்தால் ஆயிலைக் குடிக்கிறது என்று பயப்பட வேண்டுமாம். எல்லாம் பார்த்துவிட்டு, மீட்டர் பொய் சொல்லலம்மா, இது ரெண்டாயிரத்துக்குள்ள ஓடின சத்தம்தான், நல்லா வச்சுக்கிட்டா இன்னும் இதுபோல ரெண்டு மடங்கு ஓடும் என்றார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தவர் விடவே இல்லை. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் படகை ஓட்டின கை, இறங்கலாமா என்று மாமா மூன்று தடவை கேட்டும் காதில் விழவில்லை.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். சாமான்காரர் நாலு வருஷமாகப் படகு எடுத்த நாளெல்லாம் விடாமல் எழுதி வந்த நாலு நோட்டுகளைக் காட்டினதும் எனக்குக் கை துறுதுறுவென்று வந்துவிட்டது. என்னைப் போலக் கணக்கு எழுதுகிற ஒரு மனிதர் என்று சந்தோஷம் வேறு. கொடுங்க, ரெண்டு நாள்ல பார்த்துட்டுத் தர்றேன் என்று பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு நாளுக்கும் தேதி, பக்கத்தில் மணி ஐந்து, மணி ஐந்தரை, மணி ஆறு என்று எழுதியிருந்தார். எண்ணூற்றுப் பன்னிரண்டு நாள். இரண்டு தடவை கூட்டினேன், கீழிருந்து மேலாக ஒரு தடவை, மேலிருந்து கீழாக ஒரு தடவை. இரண்டு தடவையும் நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. மீட்டரோ ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். நேராக மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் மறுபடியும், சத்தம் அப்படி இல்லம்மா என்று தலையைச் சொறிந்தார். உங்க காது பெரிசா, என் கணக்கு பெரிசா என்று கேட்டேன். கேட்டேனே! பள்ளிக்கூடம் போகாமல் நானாகக் கற்றுக்கொண்ட கணக்கு, ஒரு நாளும் தப்பினதில்லை என்கிற கொழுப்பு.

செவ்வாய்க்கிழமை நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் முகத்துக்கு நேராகவே, மீட்டரை மாத்திட்டு நோட்டை மறைக்க மறந்துட்டீங்களே என்று சொல்லிவிட்டேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. நான் எழுதினதுல பொய் இல்லைங்க, படிச்சது நீங்கதான் என்று மட்டும் சொல்லி நோட்டுகளை வாங்கிக்கொண்டார். அன்று உனக்குப் போன் செய்தேன்.  அப்பா இரண்டு நாள் தட்டில் போட்டதைச் சாப்பிட்டார், கையைக் கழுவினார், படுத்தார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை.

வியாழக்கிழமை பையை உதறும்போது நாலாவது நோட்டு அடியில் கிடந்தது. கொடுக்காமல் வந்திருக்கிறேன். சும்மா புரட்டினேன். நடுவில் ஒரு நாள்: மணி ஆறு, எஞ்சின் கிளம்பவில்லை, பேட்டரி. அவ்வளவுதான் எழுதியிருந்தது. நான் அந்த ஆறையும் சேர்த்துத்தான் கூட்டியிருக்கிறேன். கிளம்பாத எஞ்சின் எப்படி ஆறு மணி நேரம் ஓடும்?  அவர் எழுதினது எத்தனை மணி நேரம் ஓடியது என்று இல்லையடி, எத்தனை மணிக்குத் துறையை விட்டுக் கிளம்பினார் என்று! அப்பா எஞ்சின் மணியைக் கேட்டால் அவர் கடிகாரத்தைப் பார்த்தார் என்று சிரித்தோம், அவர் கடிகார மணியை எழுதி வைத்தால் நான் எஞ்சின் மணி என்று கூட்டியிருக்கிறேன். எண்ணூற்றுப் பன்னிரண்டு நாளின் விடியற்காலையைக் கூட்டி ஒரு நல்ல மனிதரைத் திருடனாக்கிவிட்டேன். போக வர இரண்டேகால் மணி நேரம் பிடிக்கும் என்று அப்பா சொன்னார், அதை நாள் எண்ணிக்கையோடு பெருக்கினால் மீட்டரோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

அதற்காகத்தான் நேற்றுப் போனது. மன்னிச்சுக்குங்க, கூட்டத் தெரிஞ்ச எனக்குப் படிக்கத் தெரியல என்று சொன்னேன்.  அவர், என் வீட்டுக்காரி அப்பவே சொன்னாங்க, மணி ஆறுன்னு எழுதாதீங்க, காலைல ஆறுன்னு எழுதுங்கன்னு, நான்தான் கேக்கல என்றார்.  எஞ்சின் மூடியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைக் காட்டினார். ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றும்போதும் மீட்டரில் இருந்த எண்ணைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார், ஏழு எண், கடைசி ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டு. இதைத்தானேம்மா முதல்லயே பார்த்திருக்கணும் என்று மெக்கானிக் என்னைப் பார்த்தார், சொன்னது தன்னையும் சேர்த்துத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு மூட்டைகளோடு தீவு வரைக்கும் போய் வந்தோம், போகும்போது அப்பாதான் ஓட்டினார். முழு வேகத்தில் பத்து நிமிஷம் விட்டுப் பார்த்ததில் சூட்டு முள் நடுவிலேயே நின்றது, எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் பின்னால் தாராளமாகக் கொட்டியது. குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எஞ்சினைத் தாங்குகிற ரப்பரில் ஒன்று வெடித்திருக்கிறது, தண்ணீர்க் குழாய் இரண்டு விறைத்துப் போயிருக்கின்றன. இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கைமாற்றுவேன் என்று அவராகவே சொன்னார். திரும்பும்போது மாமாவுக்குத் தலை சுற்றி, படகு வாங்கினால் நான் கரையிலேயே முதலாளியாக இருந்துக்கறேன் என்று அறிவித்துவிட்டான்.

நீ அங்கே இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பு, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை நிறுத்தாதே, எவ்வளவு வேலை இருந்தாலும் காலையில் ஒரு நிமிஷம் கடவுளை நினை.

இந்தப் படகில் உன் சேமிப்பும் இருக்கிறது, அதனால் மகள் வேண்டாம்னு சொன்னது சொன்னதுதான், நான் வற்புறுத்த மாட்டேன் என்கிறார் அப்பா. நீ வேண்டாம் என்று சொன்னது என் கணக்கை நம்பித்தான். அந்தக் கணக்கு தப்பு. இப்போது சரியானதை எழுதிவிட்டேன், நீயே யோசித்துப் பார். மாதக் கடைசி வரைக்கும் வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறேன் என்று சாமான்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார், நான் பேசின பேச்சுக்குப் பிறகும். சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் அப்பா பேருக்கே எழுது. சீக்கிரம் பதில் போடு.

என்றும் உன் நலத்தையே வேண்டுகிற
அம்மா