கடைசி அத்தியாயம் தவிர

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம். இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை முடிந்து நீங்கள் கட்டோடு படுத்திருப்பதாக அண்ணி போனில் சொன்னார். "அவருக்குப் பொழுதே போகலையாம். நீதான் நாவலாப் படிச்சுத் தள்ளுறியே, நாலு கதை எழுதி அனுப்பு. நர்ஸ் படிச்சுக் காட்டுவாங்க" என்றார். சரி, தையல் கடையில் சாப்பாட்டு வேளைகளில் இந்த மாதம் படித்ததை எழுதுகிறேன்.

முதலாவது, ஒரு கப்பல் சமையல்காரனின் கதை. முன்னூறு பக்கம் கடல்தான், எனக்கே குமட்டியது. ஆனால் தன்னை அடித்த கேப்டன் நோயில் விழுந்ததும் அவனே தினம் கஞ்சி ஊட்டுகிறான் பாருங்கள், அன்று மத்தியானம் கத்தரிக்கோலைத் தொட எனக்கு மனமில்லை. கடைசி நாள் கஞ்சியில் என்ன கலந்தான் என்பதைச் சொல்லப்போவதில்லை.

அடுத்தது, ஒரே வீட்டில் பதினோரு வருஷம் பேசாமல் வாழும் அக்கா தங்கை கதை. நடை பிரமாதம். கடைசி அத்தியாயத்தில் தங்கை வாயைத் திறக்கிறாள். அவள் என்ன சொன்னாள் என்பதும் உங்களுக்குக் கிடையாது.

இன்னொன்று துப்பறியும் கதை. சுமார்தான். கொலைகாரனைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளுங்கள்.

பல்லைக் கடிக்கிறீர்களா? எனக்குப் பதினேழு வயதில், முப்பது பக்கம் மீதியிருந்த நாவலைப் பிடுங்கிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் போட்டீர்கள். "பொம்பளப் பிள்ளைக்குக் கதை என்னடி வேண்டிக்கெடக்கு?" என்றீர்கள். பக்க அடையாளத்துக்கு நான் வைத்திருந்தது, பூர்த்தி செய்த என் கல்லூரி விண்ணப்பம். உள்ளே இருந்தது தெரியாது என்று அம்மாவிடம் சத்தியம் செய்தீர்கள். பொய். அதை எடுத்துப் படித்து, மடித்து, திரும்பச் செருகிவிட்டுத்தான் போட்டீர்கள். பின்னாலேயே ஓடிவந்த நான் பார்த்தேன்.

நாற்பத்தோரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. இப்போது படித்துக்கொண்டிருக்கும் நர்ஸம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நர்ஸம்மா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், மேலே உள்ள பத்தியை மட்டும் இன்னொரு தடவை, பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி படியுங்கள்.

அண்ணா, கண்ணைக் கசக்காதீர்கள். பார்வை பழையபடி திரும்ப வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன், இதில் பொய்யில்லை. கட்டு அவிழ்த்ததும் யாரையும் கூப்பிடாமல், உங்கள் கையாலேயே எனக்கு ஒரு வரி எழுதுங்கள். என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லித் தர மாட்டேன்.

இன்னமும்
உங்கள் தங்கை