மிர்ரிக்கு மூன்று யூனிட்

அக்டோபர் 20

காலையில் என் பூனை மிர்ரியின் சர்க்கரை 388. ஒரு மாதமாக இன்சுலின் ஊசி போடுகிறேன், இறங்குவேனா என்கிறது. காது நுனியில் குத்தி ரத்தம் எடுக்கும்போது அது பார்க்கிற பார்வை இருக்கிறதே! நான்தான் அதற்கு நோயை வரவழைத்த மாதிரி.

டாக்டர் அரை யூனிட் ஏற்றச் சொன்னார். இனி இரண்டு. வேறு ஏதாவது தின்கிறதா என்று வேறு கேட்டார். என் வீட்டிலா? டப்பாக் கறியைத் தராசில் நிறுத்துப் போடுகிறேன் நான். அந்தக் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை.

மாடியில் ரெய்னோ பூட்ஸோடு நடக்கிறான். வேண்டுமென்றேதான். கூடப் பிறந்தவன் என்று பேர். அப்பாவின் படகை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் விற்றவனோடு எனக்கென்ன பேச்சு?

அக்டோபர் 29

352. இரண்டரை.

ஊசியும் கையுமாக நின்றபோது ரெய்னோ மாடிப்படி இறங்கி வந்தான். "ஒரு தோட்டா போதும் இர்யா, வேலை முடிஞ்சுரும்" என்றான். வாயா அது? மிர்ரி அவன் காலை உரசிக்கொண்டு நின்றது. மானங்கெட்டது.

நவம்பர் 7

370. மருந்து கெட்டுவிட்டதோ என்று புதுக் குப்பி வாங்கியும் இந்தக் கதிதான். மூன்று யூனிட்.

நவம்பர் 14

நாளை மான் வேட்டை தொடங்குகிறது. ஊரில் ஆம்பளை ஒருத்தன் மிச்சமில்லை. ரெய்னோவும் ஆரஞ்சுச் சட்டை, துப்பாக்கி, பீர் பெட்டியோடு காட்டுக் குடிசைக்குக் கிளம்பிவிட்டான். விட்டது சனியன்.

நவம்பர் 16

எழுத்தெல்லாம் கோணல்.

மத்தியானம் மிர்ரி குடிகாரன் மாதிரித் தள்ளாடிச் சுவரில் முட்டியது. அப்புறம் சாய்ந்துவிட்டது. கால் நாலும் வெட்டி வெட்டி இழுக்குது. சர்க்கரை 38. முந்நூறெல்லாம் இல்லை, வெறும் முப்பத்தெட்டு! மேப்பிள் பாகை விரலில் தொட்டு ஈறில் தேய்த்தேன். கடிச்சுது. கடிக்கட்டும். செத்துப் போயிடாதே, கழுதை, எனக்கு உன்னை விட்டா யாரு —

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிழைத்துவிட்டது. ஊசியைப் பாதிக்கும் கீழே குறைக்கச் சொன்னார்.

அதே மருந்து. அதே டப்பாக் கறி. அப்புறம் என்ன மாறியது?

நவம்பர் 17

தெரிந்துவிட்டது.

ரெய்னோ பெட்ரோல் பங்கிலிருந்து போன் செய்தான். எத்தனையோ வருஷத்தில் முதல் போன். "என் ஃபிரிட்ஜுல கறி அடைச்சுச் சுட்ட பாஸ்டி இருக்கு. ஓரத்து மாவைப் பிச்சு, வெண்ணெய் தடவி, சாயங்காலம் மிர்ரிக்குக் குடு. படியில உக்காந்து காத்துக்கிட்டிருக்கும்."

மாவு. தினமும்! அவன் மாவு ஊட்ட ஊட்ட நான் ஊசியை ஏற்றியிருக்கிறேன். அவன் போனதும் மாவு நின்றது, ஊசி நிற்கவில்லை.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கொலைகாரப் பாவி என்றேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அது ஒண்ணுதானே மாடிக்கு வருது" என்றான்.

போனை வைத்துவிட்டேன். இவன் அன்புக்கு என் பூனையா கிடைத்தது?

நவம்பர் 18

மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் அடித்தேன். ஒரு யூனிட்.

ரெய்னோ அதற்குள் வெறுங்கையோடு திரும்பிவிட்டான். வேட்டை முடிய இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது. குறி தப்பியிருக்கும், கையாலாகாதவன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "எப்படி இருக்கு?" என்றான்.

"உயிரோட இருக்கு" என்றேன்.

நவம்பர் 27

140. அரை யூனிட்.

தினமும் கதவுக்கு வெளியே ஒரு கிண்ணம் வைக்கிறான். வேகவைத்த கோழி. உப்பில்லை, தோலில்லை, மாவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுக் குப்பையில் கொட்டுகிறேன். மிர்ரி கதவைப் பிறாண்டுகிறது.

டிசம்பர் 12

104. இன்றைக்கு ஊசி வேண்டாம், நிறுத்திப் பார்ப்போம் என்றார் டாக்டர்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வேறு யார் இருக்கிறார்கள்? தாழ்ப்பாளை நீக்கி மாடியைப் பார்த்துக் கத்தினேன். "ஊசி வேண்டாமாம்!"

"அப்போ பாஸ்டி ஓரம்?"

"கொன்னுடுவேன்."

"சரி, கோழிதான்."

மிர்ரி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாடி ஏறிப் போனது. துரோகி. கதவைத் திறந்தேதான் வைத்திருக்கிறேன். மாடிப்படிக் குளிரெல்லாம் வீட்டுக்குள் வருகிறது.