சிப்பியை இன்னிக்கு நீங்களே திறங்க

ஃபுல்க்ரான்,

மதியம் உங்க அக்கா ஜினெட் சாப்பிட வர்றாங்க. நான் இருக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை அவங்க முன்னாடி, "இவளுக்குச் சிப்பி திறக்கவே வராது, ஓட்டைத் தூளாக்கித் தின்னக் குடுப்பா"ன்னு சொன்னீங்களே! அதான் காலையில காயல்லேர்ந்து வந்த ரெண்டு டஜன் சிப்பியையும் மூடின வாயோடவே கூடையில ஈரத்துணி போட்டு வச்சிருக்கேன். கெட்டிக்காரர்தானே, திறங்க.

பிக்பூல் வெள்ளை ஒயின் ரெண்டு புட்டி ஃப்ரிட்ஜ்ல இருக்கு. சிப்பியோட ஒண்ணு, அடுப்புல இருக்கிற, பேய்க்கணவாய் அடைச்சுச் சுட்ட தியேல் அப்பத்தோட இன்னொண்ணு. எலுமிச்சம்பழத்தைத் தேடாதீங்க, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறேன். அந்த ஒயின்லயே உதட்டைச் சுள்ளுனு கடிக்கிற புளிப்பு இருக்கு. அதுக்கு மேல எலுமிச்சையும் பிழிஞ்சா ரெண்டும் சண்டை போடும். ஒரு வீட்டுக்கு ஒரு சண்டை போதும்.

ஆட்டுப்பால் சீஸை முன்னாடியே வெளிய எடுத்து வைங்க. அதுக்கும் இதே ஒயின்தான். சிவப்பு ஒயினைத் தொடாதீங்க.

சோலாஞ்ஜ்

பி.கு: இடது கையில தடித்துணி சுத்திக்கிட்டுத் திறங்க. கோவம் உங்க வாய் மேலதான், கை மேல இல்ல.

இன்னொண்ணு: நான் தூரமா எங்கயும் போகல. எதிர்வீட்டு ரேமோந்தும் நானும் அவ ஜன்னல்லதான் உக்காந்திருப்போம். சமையக்கட்டுத் திரையைக் கொஞ்சம் விலக்கி வைங்க, நல்லாத் தெரியட்டும்.