வேலைச் சட்டை

வாலுவோட அம்மாவுக்கு,

நீ மகளைக் கூட்டிக்கொண்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போனபின் வயல்களில் பூச்சிமருந்தடிக்கும் வேலையை விட்டுவிட்டேன். இப்போது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிறேன்.

அங்கே ஒரு கூண்டில் குட்டிகள் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. சுற்றிச்சுற்றி ஓடி ஒன்றையொன்று கடிக்கின்றன. தாயோ ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்து நக்கிவிடுகிறது.

"தாய்க்கு வளர்க்கத் தெரியலையா, மேடம்?" என்று அங்கே ஆராய்ச்சி செய்பவரிடம் கேட்டேன்.

"அது நல்லாத்தான் வளர்க்குது. வயித்துல குட்டி இருந்தப்போ அதுக்குப் பூச்சிமருந்து கொடுத்தோம்."

கூண்டின் அட்டையில் மருந்தின் பெயர் இருந்தது. நான் அடித்த அதே மருந்து.

"மனுஷங்களுக்கும் இப்படித்தானா?"

"உறுதியா சொல்ல முடியாதுங்க."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துவிடலாம். ஆனால் உன் ஏழாம் மாதத்தில், நாற்றம் குமட்டுகிறது என்று நீ சொல்லியும், என் வேலைச் சட்டையை உன் கையால்தானே துவைக்க வைத்தேன். பிள்ளை வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறாள் என்று டீச்சர் கூப்பிட்டபோது, "எல்லாம் இவ வளர்ப்பு" என்று உன்னைக் காட்டியதும் நான்தான்.

நேற்று அந்த டீச்சரைப் பார்த்து, அன்று சொன்னது பொய் என்றேன்.

"இதை எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?" என்றார்.

வாலுவோட அப்பா