எரியாத பச்சை விளக்கு

தம்பிக்கு,

உன் கை எலும்பு கூடிவருகிறது என்று நர்ஸ் சொன்னாள். நல்லது. இனி நான் வாயைத் திறக்கலாம்.

உன் கிழட்டு விமானம் சக்கரம் இறங்காமல் வயிற்றால் தரையில் தேய்ந்ததற்கு மெக்கானிக்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாயாமே? அந்த மெக்கானிக் என் பேத்தியின் புருஷன். லைசென்ஸ் போனால் அவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

பின்சீட்டில் இருந்தவள் நான். தரையிறங்கும்போது, "பச்சை விளக்கு எரியலையேடா" என்றேன்.

"அந்த பல்பு எப்பவும் மக்கர் பண்ணும்க்கா. உனக்கென்ன தெரியும், பேசாம உட்காரு" என்றாய்.

கிளம்பும்போதே பேத்தி புருஷன் படித்துப் படித்துச் சொன்னான்: "பச்சை விளக்கு எரியலைன்னா சக்கரம் இறங்கலைன்னு அர்த்தம். இந்தக் கைப்பிடியைச் சுத்தி இறக்குங்க தாத்தா." நீ அதைத் தொடவே இல்லை.

மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டு உன்னைப் படிக்கவைத்தார்கள். அதையே நான் மறக்கவில்லை. இதையா மறப்பேன்?

வியாழக்கிழமை விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வருகிறார். உண்மையை உன் வாயாலேயே சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை அவர் என் வீட்டுக்கு வருவார். நானே கூப்பிட்டிருக்கிறேன்.

இன்னமும்
உன் அக்காதான்