வளையல் சொன்ன காந்தாரம்

என் பிரியத்துக்கும் கோபத்துக்கும் உரியவரே,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. அல்சூர் வீணைக் கடையை உங்கள் தம்பிதான் பார்த்துக்கொள்கிறார். வீணையின் மெழுகில் கம்பி கம்பியாகப் பதித்து மெட்டு வைப்பதில் உங்கள் காதுக்கு ஈடில்லை என்று ஊரில் தண்டுப் பக்கமும் பேட்டைப் பக்கமும் இன்னமும் பேச்சு. கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

உங்களுக்குக் கை நல்ல கை. காது? கலியாணமான புதிதில் நீங்கள் வைத்த காந்தார ஸ்வரம் சகிக்காமல் பின்கட்டிலிருந்து கத்தினேனே, ஞாபகமிருக்கிறதா? பக்கத்துத் தந்தியோடு சேர்த்து மீட்டினால் சத்தத்தில் ஒரு நடுக்கம் இருக்கும். மெட்டை மெழுகில் மெல்ல நகர்த்தினால் நடுக்கம் குறைந்து ஓரிடத்தில் அடங்கிவிடும். அந்த இடம் எனக்குக் கேட்டது. உங்களுக்குக் கடைசிவரை கேட்கவேயில்லை. "நீ சொல்லு, நான் வைக்கிறேன்" என்றீர்கள். அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரி.

கடையில் ஆள் இருந்தால் நான் வாய் திறக்கக் கூடாது. கதவுக்குப் பின்னால் நின்று வளையலை ஒரு தரம் குலுக்கினால் சுருதி ஏற வேண்டும், இரண்டு தரம் என்றால் இறங்க வேண்டும். சும்மா இருந்தால் மெட்டு அங்கேயே. பதினெட்டு வருஷம் இப்படித்தான் நடந்தது.

ஒருநாள் மல்லேஸ்வரம் வித்வான் எரிச்சல்பட்டார். "யாருப்பா உள்ளே வளையலைக் குலுக்கிண்டே இருக்கா? கழட்டி வைக்கச் சொல்லேன்."

நீங்கள் சிரித்தீர்கள். "பொம்பளைங்க சாமி. அதுங்களுக்கு இதெல்லாம் என்னா தெரியும்?"

உங்கள் பத்தாம் நாள் காரியத்தில் அந்த வளையல்களைக் கழற்றிவிட்டார்கள். நான் கதறியதற்கு ஊர் ஒரு காரணம் சொல்லிக்கொண்டது. அதுவும் பொய்யில்லை.

போன வாரம் அதே வித்வான் வீணையோடு வந்தார். உங்கள் தம்பி ஆர்மோனியத்தை அமுக்கி, அதைப் பார்த்து மெட்டு வைத்தார். அந்தப் பெட்டியின் காந்தாரம் வீணைக்குக் கொஞ்சம் தூக்கல் என்று அவருக்கு யார் சொல்வது? "உங்கண்ணாவோட போயிடுத்துப்பா அந்தக் காது" என்றார் வித்வான். என் கை தானாக எழுந்து இரண்டு தரம் குலுங்கியது. சத்தமே இல்லை.

பிறகு நான் வெளியே வந்துவிட்டேன். "இறக்குங்க தம்பி. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கேயே வையுங்க."

வித்வான் மீட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஆத்துக்காரர் சொல்லிக்குடுத்துட்டுப் போனாராம்மா?"

உங்கள் தம்பி முந்திக்கொண்டார். "ஆமாங்க சாமி. எல்லாம் அண்ணன் குடுத்தது."

நான் மறுபடி கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். பதினெட்டு வருஷப் பழக்கம்.

வெள்ளிக்கிழமை வித்வான் வீணையை எடுத்துப்போக வருகிறார். யாருடைய காது அது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறேன். இது சத்தியம். உங்கள் பேர் கெடும், கெடட்டும். உயிரோடு இருந்தபோது நீங்களே ஒரு தரம் சொல்லியிருந்தால், இப்போது உங்களை நினைத்து நிம்மதியாக அழுதிருப்பேனே?

இப்படிக்கு,
உங்களுக்குக் காதாகவும் இருந்த மனைவி,
கனகம்மா