அண்ணி, நம் சர்வர் தனிக்குடித்தனம் போய்விட்டது

என் அருமைத் தேன்மொழி அண்ணிக்கு,

விருத்தாசலத்தில் வெயில் குறையவில்லை. இவ்வளவு சீக்கிரம் போய்விட்டீர்களே என்று அண்ணனுக்கு உங்கள் மேல் இருக்கும் கோபமும் அப்படியேதான் இருக்கிறது.

நம் செராமிக் பட்டறைக்காரர்களுக்காக நீங்கள் தொடங்கிய சமூக வலைத்தளத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பொதுச் சூளையில் இடம் இருக்கிறதா என்று இப்போதும் அதில்தான் கேட்கிறார்கள். சூளையை மூட்டியதும் அந்தப் பதிவில் அதற்குமேல் யாரும் இடம் கேட்டுப் பதில் போட முடியாதபடி நீங்கள் செய்த மாற்றம் இருக்கிறதே, அதனால் எத்தனை சண்டை மிச்சம் தெரியுமா?

நம் சர்வரில் அந்தத் தளத்தை ஓட்டும் மென்பொருளை உருவாக்கியவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். தன்னார்வலர்கள் சிலர் அதைப் படியெடுத்துத் தனியாக வளர்க்கிறார்கள். இப்படிப் பிரிவதைத்தானே தனிக்குடித்தனம் என்று கிண்டல் செய்வீர்கள்? நாமும் அவர்கள் பக்கம் போய்விடலாம் என்றேன். அண்ணன் விடவில்லை.

"அவ செஞ்சு வெச்சதுல ஒருத்தனும் கை வெக்கக்கூடாது. வேணும்னா உனக்குத் தனியா ஒண்ணு வெச்சுக்க."

ஓட்டையை அடைக்க ஆளில்லாத மென்பொருளை எவ்வளவு காலம் நம்புவது? போன மாதம் எவனோ உள்ளே புகுந்துவிட்டான். உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, இங்கே அழுத்துங்கள் என்று எல்லோருக்கும் செய்தி போனது. உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு. திட்டக்குடியில் பொம்மைக் கடை வைத்திருக்கும் உங்கள் தோழி மலர் போன் செய்தார்.

"தேனு பேரப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல தம்பி. என்னான்னு பாருங்க."

அண்ணனிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். பிறகு, "மாத்திடுடா" என்றார்.

மாற்றிவிட்டேன். உங்கள் சூளை மாற்றத்தை அந்தத் தன்னார்வலர்களுக்கு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டு, உங்கள் பெயர் போட்டே சேர்த்திருக்கிறார்கள். பெருமையாக இருக்கிறது அண்ணி. அதைப் பார்க்க நீங்கள் உயிரோடு இல்லையே என்று ஆத்திரமாகவும் இருக்கிறது.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. உங்கள் கணக்கைப் பூட்ட வேண்டும். பழைய பதிவுகள் அப்படியே இருக்கும், உங்கள் பெயரில் புதிதாக எதுவும் வராது. தானே செய்வதாகச் சொல்லி அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பொத்தானை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனிமே அவளாலயும் எழுத முடியாதாடா?"

"முடியாதுண்ணே."

எந்தப் புதுப்பிப்பையும் இனித் தள்ளிப்போட மாட்டேன் அண்ணி. அண்ணனைத் தனியாக விடவும் மாட்டேன்.

உங்கள் கொழுந்தன்,
குமரன்